புது மாடல் பிஸ்டல் இருபது வருடம் உழைக்குமா? 500 ரவுண்டு சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

ஹூஸ்டனில் இருக்கிறீர்கள். வீட்டுப் பாதுகாப்புக்கும் மாதம் ஒருமுறை ரேஞ்சில் சுட்டுப் பழகவும் ஒரு 9 எம்எம் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வாங்க நினைக்கிறீர்கள். கடைக்காரர் காட்டுவது சந்தைக்கு வந்து இரண்டே வருடமான மாடல். யூடியூபில் ஒருவர் 500 ரவுண்டு (தோட்டா) சுட்டு, ஒரு ஜாம்கூட ஆகவில்லை என்று காட்டியிருக்கிறார். அதை நம்பி வாங்கினால் இருபது வருடம் கழித்தும் அவசரத்துக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன, மூன்றுக்கும் பதில் வேறு வேறு. டிரிகரை அழுத்தும்போது ஜாம் ஆகாமல் அடுத்த ரவுண்டு ஏறுமா என்பது ஒன்று. எத்தனை ஆயிரம் ரவுண்டுக்குப் பிறகு எந்தப் பாகம் உடையும் என்பது இரண்டாவது. உடைந்தால் மாற்றுப் பாகம் அன்றைக்குக் கிடைக்குமா என்பது மூன்றாவது. நீங்கள் பார்த்த வீடியோ முதல் கேள்வியைக் கொஞ்சம் தொடுகிறது. மற்ற இரண்டின் பக்கமே அது போகவில்லை.

நான் ராணுவத்தில் ஆர்மரராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். கோத்தில், அதாவது ஆயுத அறையில், அடுக்கியிருக்கும் ஆயுதங்களைச் சோதித்து, பழுது பார்த்து, சுடத் தகுதியானது எது, ஒதுக்க வேண்டியது எது என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. கையில் அதிகம் புழங்கியது இஷாப்பூரில் செய்யும் 9 எம்எம் 1ஏ, அதாவது பிரவுனிங் ஹை பவரின் வழிவந்த இரும்பு பிஸ்டல். அமெரிக்காவில் இன்று விற்கும் பிளாஸ்டிக் ஃபிரேம் மாடல்களில் எனக்கு அந்த அளவு கைப்பழக்கம் இல்லை. அவற்றைப் பற்றிச் சொல்லும் இடங்களில் வெளியான சோதனை அறிக்கைகளைத்தான் நம்பிப் பேசுகிறேன்.

முதலில் அந்த 500 ரவுண்டு. ஒரு பிஸ்டல் உண்மையில் 500 ரவுண்டுக்கு ஒருமுறை ஜாம் ஆகும் ரகம் என்று வைத்துக்கொள்வோம். அதே பிஸ்டல் ஒரு 500 ரவுண்டு சோதனையில் ஒரு ஜாமும் இல்லாமல் தப்பிக்க 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 250 ரவுண்டுக்கு ஒருமுறை ஜாம் ஆகும் மோசமான பிஸ்டலே ஏழில் ஒரு தடவை அந்தச் சோதனையைச் சுத்தமாகத் தாண்டிவிடும். புள்ளியியலில் இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு ஜாமும் இல்லாமல் எத்தனை ரவுண்டு சுட்டீர்களோ அதை மூன்றால் வகுங்கள். வரும் எண்ணைத்தான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும். 500 ரவுண்டு சுத்தமாக ஓடினால் “சுமார் 167 ரவுண்டுக்கு ஒன்றுக்கு மேல் ஜாம் ஆகாது” என்று சொல்லலாம், அவ்வளவுதான். வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் ரவுண்டில் 200 சுட்டுப் பார்த்தால் போதும் என்று ரேஞ்சில் சொல்வார்கள். அந்தக் கணக்குப்படி கிடைப்பது 67 ரவுண்டுக்கு ஒன்று என்ற உறுதிதான். இதனால் 200 ரவுண்டு சுடுவது வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டாயம் சுடுங்கள். தொழிற்சாலையிலேயே கோணலாக வந்த எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் வெற்று உறையான கேஸை வெளியே இழுக்கும் கொக்கி), சரியில்லாத மேகசின் (ரவுண்டுகளை அடுக்கிவைக்கும் பெட்டி) போன்ற பிறவிக் குறைகள் அந்த 200 ரவுண்டில் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். ஆனால் நீண்டகால உழைப்பைப் பற்றி அது எதையும் சொல்லாது.

இதே கணக்கை வைத்து ஒரு பழைய சோதனையைப் பாருங்கள். 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் இரண்டு பிஸ்டல்களை நேருக்கு நேர் நிறுத்தியது: ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் ஒன்று, சாவேஜ் கம்பெனியுடையது மற்றொன்று. இரண்டிலும் 6,000 ரவுண்டு சுட்டார்கள். சூடானால் ஆறவைத்து, ஆயிரம் ரவுண்டுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டார்கள். சாவேஜ் 37 தடவை தடங்கியது, கோல்ட் ஒருதடவைகூட இல்லை. மூன்றால் வகுத்தால் 2,000 ரவுண்டுக்கு ஒரு ஜாம் என்ற அளவை அது நிரூபித்தது. நூறு வருடம் கழித்து, 2017இல் தேர்வான புது பிஸ்டலுக்கு அதே ராணுவம் வைத்த வரம்பும் அதே 2,000தான். இத்தனைக்கும் 1911இல் அந்த 6,000 ரவுண்டைச் சுட்டது ஒரே ஒரு பிஸ்டல். அடுத்து தொழிற்சாலையிலிருந்து வந்த பிஸ்டல்களும் அப்படியே இருந்தன என்பது பின்னால் பல பத்தாண்டுப் பயன்பாட்டில் தெரிந்ததே தவிர, அந்தச் சோதனை அதைச் சொல்லவில்லை.

2017 கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமான ஆவணம் எனக்குத் தெரியாது. அந்த ஜனவரியில் சிக் சாவர் கம்பெனியின் பி320 பிஸ்டலை எம்17 என்ற பெயரிலும், அதன் சிறிய வடிவத்தை எம்18 என்ற பெயரிலும் ராணுவம் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஜனவரியில் பென்டகனின் சோதனை மதிப்பீட்டு அலுவலகம் வெளியிட்ட ஆண்டறிக்கையில் எண்கள் வந்தன. சாதாரண பால் ரவுண்டில் (முனை மூடிய தோட்டா) எம்17 சராசரியாக 343 ரவுண்டுக்கு ஒருமுறை தடங்கியது, எம்18 197க்கு ஒருமுறை. முனையில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் வகை சிறப்பு ரவுண்டில் அதே பிஸ்டல்கள் 900, 950 என்று ஓடின. பிஸ்டல் அதே, ரவுண்டு மட்டும் வேறு, விளைவில் இரண்டரை முதல் ஐந்து மடங்கு வரை வித்தியாசம். அதனால் “இந்தப் பிஸ்டல் நம்பகமானது” என்று மொட்டையாக யாராவது சொன்னால் நான் காது கொடுப்பதில்லை. எந்த ரவுண்டில், எந்த மேகசினில் என்று கேட்பேன்.

அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. பால் ரவுண்டில் வந்த தடங்கல்களில் பாதிக்கு மேல், கடைசி ரவுண்டு சுட்ட பிறகு ஸ்லைடு (ஒவ்வொரு சுடலிலும் முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) பின்னால் நிற்காமல் மூடிக்கொண்டதுதான். காரணம், சுடுபவர்கள் பிடித்த விதத்தில் ஸ்லைடைப் பின்னால் பிடித்து நிறுத்தும் ஸ்லைடு கேட்ச் மேல் கட்டைவிரல் படிந்திருந்தது. அந்த வகையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எம்17க்கு 708, எம்18க்கு 506 என்று எண் ஏறுகிறது. ஆக “ஜாம்” என்று எழுதப்படுவதில் ஒரு பங்கு துப்பாக்கியுடையது, ஒரு பங்கு ரவுண்டுடையது, ஒரு பங்கு கையுடையது. உங்கள் பிஸ்டலில் தடங்கல் வந்தால் முதலில் இந்த மூன்றில் எது என்று பிரித்துப் பாருங்கள். பிரிக்காமல் துப்பாக்கியைத் திட்டுவதும் தவறு, “நீதான் சரியாகப் பிடிக்கவில்லை” என்று கடைக்காரர் தள்ளிவிட நீங்கள் விடுவதும் தவறு.

அதே பி320 குடும்பத்தில் 2017 ஆகஸ்டில், பொதுமக்களுக்கு விற்ற பிஸ்டல்கள் சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பது வெளியே வந்து, கம்பெனி தானாகவே மேம்பாட்டுத் திட்டம் அறிவித்தது. மாடல் சந்தைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகி, ஏராளமான கைகளுக்குப் போன பிறகு நடந்தது இது. தொடாமலே வெடித்தது என்ற புகார்களும் வழக்குகளும் பின்னால் பல வந்தன. கம்பெனி அவற்றை மறுக்கிறது. அதில் எந்தப் பக்கம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வருட மாடலை வாங்கும்போது நீங்கள் ஏற்கும் அபாயம் எந்த வகையானது என்பதற்கு இது சாட்சி.

அடுத்து, உடைவது. இதற்குப் பெரெட்டாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1985இல் அமெரிக்க ராணுவம் பெரெட்டா 92ஐ எம்9 என்று எடுத்துக்கொண்டது. கடுமையான போட்டிச் சோதனைகளைத் தாண்டி வந்த பிஸ்டல் அது. இரண்டு வருடம் கழித்து, 1987-88இல், கடற்படையின் சீல் சிறப்புப் படையினர் சுட்டுக்கொண்டிருந்தபோது ஸ்லைடு குறுக்கே உடைந்து பின்பாதி பறந்து வந்து சுட்டவர் முகத்தில் அடித்தது. ஒருவருக்கு மட்டும் நடந்த விபத்தாகவும் இருக்கவில்லை. லேபில் ராணுவம் சோதித்த ஸ்லைடுகளிலும் விரிசல் கண்டார்கள். உலோகத்தின் உறுதி போதவில்லை என்று ஒரு பக்கமும், அழுத்தம் கூடிய ரவுண்டுகளைச் சுட்டதுதான் காரணம் என்று கம்பெனி பக்கமும் பேசின. கடைசியில் உலோகத்தைக் கவனித்ததோடு ஹாமர் பின்னின் தலையைப் பெரிதாக்கி ஸ்லைடில் அதற்கு ஒரு பள்ளம் வெட்டினார்கள். ஸ்லைடு உடைந்தாலும் பின்னால் பறக்காமல் அந்தத் தலை தடுத்துவிடும். கடைகளில் நீங்கள் பார்க்கும் 92எஃப்எஸ் அந்தத் திருத்தம் ஏறிய வடிவம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, யார் கையில் உடைந்தது என்பது. சாதாரணச் சிப்பாய் வருடத்துக்கு ஒருமுறை பிஸ்டல் சுடுவார், அதுவும் கொஞ்சம் ரவுண்டு. சீல் படையினர் அவர் வாழ்நாளில் சுடுவதைச் சில வாரங்களில் சுட்டுவிடுவார்கள். பாகங்கள் களைப்பது நாட்காட்டியைப் பார்த்து இல்லை, ரவுண்டு எண்ணிக்கையைப் பார்த்துத்தான். ஆகவே ஒரு மாடலின் நீண்டகால ஆயுளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பினால், அதை மிக அதிகமாகச் சுடுபவர்களைத் தேடிப் போங்கள். காலையிலிருந்து மாலைவரை வாடகைக்குத் துப்பாக்கி கொடுக்கும் ரேஞ்சுகள் உங்கள் ஊரில் நிறைய இருக்கும். அங்கே கவுன்டரில் நிற்பவரிடம் “இது எப்படி” என்று பொதுவாகக் கேட்காதீர்கள், விளம்பரம்தான் பதிலாக வரும். “இந்த மாடலில் இதுவரை எந்தப் பாகத்தை மாற்றினீர்கள், எத்தனை ரவுண்டில்” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். போட்டிகளில் சுடுபவர்களும் போலீஸ் ஆர்மரர்களும் அதே மாதிரி. நூறு யூடியூப் விமர்சனத்தைவிட அந்த ஒரு பதில் மேல். இணையத்தில் புகார் படிப்பதில் உள்ள சிக்கல், விற்றது எத்தனை லட்சம் என்று தெரியாமல் உடைந்தவற்றை மட்டும் எண்ணுவது. நிறைய விற்கும் மாடலுக்குப் புகாரும் நிறைய இருக்கத்தான் செய்யும். ஒரே பாகம், ஒரே இடத்தில், சம்பந்தமில்லாத பலர் கையில் உடைகிறது என்று வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள்.

க்ளாக் 1982இல் ஆஸ்திரிய ராணுவத்துக்குத் தேர்வானபோது அது முற்றிலும் புது மாடல்தான், அதற்கு முன் பிஸ்டலே செய்யாத கம்பெனி. 10,000 ரவுண்டில் 20 தடங்கலுக்கு மேல் கூடாது என்பது அங்கே ஒரு நிபந்தனை. அன்று பிளாஸ்டிக் ஃபிரேம் எத்தனை வருடம் தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்லியிருக்க முடியாது. இன்று சொல்ல முடியும், நாற்பது வருடப் பயன்பாடு கண்ணெதிரே இருப்பதால். புது மாடல் எல்லாம் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. அதற்கான சாட்சி இன்னும் பிறக்கவில்லை என்றுதான் அர்த்தம். பெயர் பெற்ற க்ளாக்கே நான்காம் தலைமுறையில் ரீகாயில் ஸ்பிரிங்கை (பின்னால் போன ஸ்லைடை மீண்டும் முன்னே தள்ளும் ஸ்பிரிங்) மாற்றியபோது தொந்தரவு வந்து, 2011இல் ஸ்பிரிங்குகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பழைய பெயர் புது டிசைனுக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளாது.

நடைமுறையில் என் மேசைக்கு “பிஸ்டல் ஜாம் ஆகிறது” என்று வந்தவற்றில் கணிசமானவை மேகசின் கோளாறுதான். மேகசினின் வாய் உதடுகள் ஒரு பக்கம் லேசாக விரிந்திருந்தால் ரவுண்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும், பேரல் வாயில் முட்டி நிற்கும். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்தால் கடைசி இரண்டு மூன்று ரவுண்டு தாமதமாக மேலே வரும், ஸ்லைடு அதற்குள் முந்திக்கொண்டு மூடிவிடும். ஈராக் போரின் ஆரம்பத்தில் எம்9 பற்றி வந்த புகார்களில் பெரும்பங்கு இந்த வகைதான். உட்புறப் பூச்சு சொரசொரப்பாக இருந்த மேகசின்களில் பாலைவனத்து நுண்மணல் சிக்கி, ரவுண்டு மேலே ஏறாமல் நின்றது. பின்னால் வழவழப்பான பூச்சுள்ள மேகசின் கொடுத்துத்தான் சரிசெய்தார்கள். பிஸ்டலோடு குறைந்தது நான்கு மேகசின் வாங்குங்கள், கம்பெனியுடையதாகவே வாங்குங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பெயின்ட் பேனாவால் எண் எழுதுங்கள். ஜாம் வந்தால் மேகசின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ஜாமும் மூன்றாம் நம்பரில்தான் என்று தெரிந்தால் நோய் பிஸ்டலில் இல்லை.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மாதம் 100 ரவுண்டு என்றால் இருபது வருடத்தில் 24,000. ரவுண்டு 25 சென்ட் என்று வைத்தாலே 6,000 டாலர். பிஸ்டல் விலை அதில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு செலவுக்கு நடுவில் ரீகாயில் ஸ்பிரிங், மேகசின் ஸ்பிரிங் போன்ற மலிவான பாகங்களை மாற்றச் சோம்பல்பட்டுத்தான் நல்ல பிஸ்டல்களைக் கெடுக்கிறார்கள். ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் ஃபிரேமில் பலமாக மோதும், அதன் கூலி பேரலையும் ஸ்லைடையும் பூட்டும் லாக்கிங் பாகங்களிலும் ஃபிரேமிலும் விழும். பெரெட்டாவுக்கு 5,000 ரவுண்டுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்வது வழக்கம். உங்கள் மாடலின் கையேட்டில் எத்தனை என்று பாருங்கள். கையேட்டில் மாற்றும் கணக்கே இல்லை, “வாழ்நாள் முழுக்க” என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு அது நல்ல அறிகுறி இல்லை.

வருடம் ஒருமுறை வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, ரவுண்டு உட்காரும் அறையைக் (சேம்பர்) கண்ணால் பார்த்து, விரல் விட்டுத் தொட்டும் பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் வீட்டு அறையிலேயே ரவுண்டுகள் இருக்கக்கூடாது. இதைச் செய்யாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். காலி பிஸ்டலைப் பாதுகாப்பான திசையில் மேல் நோக்கிப் பிடித்து, டிரிகரை அழுத்தி அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பிறகு கையால் தாங்கியபடி மெதுவாக விடுங்கள். பாதியில் தயங்காமல் முழுதாகப் போய் மூட வேண்டும். க்ளாக் வகை ஸ்ட்ரைக்கர் பிஸ்டல்களில் (வெளியே ஹாமர் இல்லாமல் உள்ளே இருக்கும் ஊசியே ரவுண்டை அடிக்கும் வகை) ரீகாயில் ஸ்பிரிங்கின் நிலையை அறிய இது நம்பகமான வழி. பிறகு ஸ்லைடைக் கழற்றி எக்ஸ்ட்ராக்டர் கொக்கியை பூதக்கண்ணாடியில் பாருங்கள். கொக்கியின் மூலை கூர்மையாக இருக்க வேண்டும், பொரிந்திருக்கக் கூடாது, அடியில் கரியும் பித்தளைத் துகளும் அடைந்திருக்கக் கூடாது. பார்க்க அற்பமாக இருக்கும் அந்த அடைப்பு கொக்கியை ஒரு முடி அளவு வெளியே தள்ளினால் போதும், வெற்று கேஸ் சேம்பரிலேயே தங்கிவிடும். வெடிக்காத டம்மி ரவுண்டு ஒன்றைக் கொக்கிக்கு அடியில் நுழைத்து ஸ்லைடை மெல்ல ஆட்டினால் விழாமல் நிற்க வேண்டும்.

விரிசல் பார்க்க எங்கள் பழைய முறை ஒன்று உண்டு. ஸ்லைடில் எஜெக்‌ஷன் போர்ட்டின் (வெற்று கேஸ் வெளியே போகும் திறப்பின்) மூலைகள், லாக்கிங் பாகம் உட்காரும் வெட்டு, பேரலின் அடிக்கால் ஆகிய இடங்களில் நீர்த்த எண்ணெய் தடவி ஒரு இரவு விடுங்கள். காலையில் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவைத்துவிட்டு, வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வையுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் தலைமுடி போல மெல்லிய கோடாக வெளியே கசியும். பளபளவென்று தேய்ந்த இடங்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உலோகம் உலோகத்தோடு உரசினால் தேயத்தான் செய்யும். விளிம்பு நசுங்கிப் பிதுங்கியிருந்தால் அல்லது போன வருடம் இல்லாத கோடு இந்த வருடம் தெரிந்தால், அந்தப் பிஸ்டலைச் சுடாமல் ஆர்மரரிடம் கொண்டுபோங்கள்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. மேகசினை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் தளருமா என்று எல்லோரும் கேட்பார்கள். நல்ல ஸ்பிரிங் அமுங்கிக் கிடப்பதால் கெடுவதைவிட அமுங்கி விரிந்து வேலை செய்வதால்தான் அதிகம் தேயும் என்பது பொதுவான கருத்து, என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் சின்ன உடலில் அதிக ரவுண்டு திணிக்கும் இன்றைய மேகசின்களில் ஸ்பிரிங் அதன் எல்லை வரை அமுக்கப்படுகிறது. அவற்றுக்கும் அதே விதி பொருந்தும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். அச்சில் வார்த்து எடுக்கும் எம்ஐஎம் பாகங்கள் மட்டம் என்பது இன்னொரு பேச்சு. நன்றாகச் செய்த எம்ஐஎம் பாகம் நீண்ட காலம் உழைக்கிறது, மோசமாகச் செய்தது சீக்கிரம் ஒடிகிறது, வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. எந்த எண்ணெய் சிறந்தது என்ற சண்டையில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஏதாவது ஒரு துப்பாக்கி எண்ணெய், அளவாக, தவறாமல் போட்டால் போதும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த இரண்டு வருட மாடலை இப்போது வாங்கமாட்டேன். பல வருடங்களாகப் பெரிய போலீஸ் துறைகளோ ராணுவமோ பயன்படுத்தும் மாடல் ஒன்றை வாங்குவேன். காரணம் அதன் டிசைன் உசத்தி என்பது இல்லை. அதன் குறைகள் ஏற்கெனவே பிறர் கையில் வெளிவந்து திருத்தப்பட்டிருக்கும், பதினைந்து வருடம் கழித்தும் அதற்கு எக்ஸ்ட்ராக்டரும் ஸ்பிரிங்கும் விற்க ஆள் இருப்பார்கள். புது மாடல்தான் கைக்குப் பொருந்துகிறது, அதுதான் வேண்டும் என்றால் அதுவும் நியாயமான காரணமே, கைக்குப் பொருந்தாததை வைத்துக்கொண்டு யாரும் பழகமாட்டார்கள். அப்படியானால் ஒரு எக்ஸ்ட்ராக்டர், ஒரு ஃபயரிங் பின் அல்லது ஸ்ட்ரைக்கர், இரண்டு ரீகாயில் ஸ்பிரிங் ஆகியவற்றை இன்றே சேர்த்து வாங்கி டப்பாவில் போட்டுவையுங்கள். மாடலின் பெயரையும், வீட்டில் எந்த ரவுண்டு வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதையும் எழுதினால், அந்த மாடலில் முதலில் கவனிக்க வேண்டிய பாகம் எது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.